காதில் சீழ் வடிதல்: சொட்டு மருந்து மட்டும் போதுமா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

செங்காங் அன்னை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகன் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். ஆண்டுத் தொடக்கத்தில் கடுமையான சளி பிடித்த பிறகு அவனுடைய இடது காதில் சீழ் வடியத் தொடங்கியது. சில நாள் நிற்கிறது, பிறகு மறுபடியும் வடிகிறது. காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. ஆனால் தலையணை உறையில் மஞ்சள் கறை படிகிறது. வகுப்பில் ஆசிரியர் சொல்வது சில சமயம் சரியாகக் கேட்கவில்லை என்றும் சொல்கிறான்.

பலதுறை மருந்தகத்திலிருந்து காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் உருப்பெருக்கி வைத்துப் பார்த்து, செவிப்பறையில் சிறு துளை இருப்பதாகச் சொன்னார். உறிஞ்சுகுழாயால் சீழை அகற்றிவிட்டு, சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்தை மட்டும் எழுதிக் கொடுத்தார். உட்கொள்ளும் மருந்து எதுவும் தற்போது வேண்டாம் என்றார். சீழைச் சோதனைக்கும் அனுப்பியிருக்கிறார்.

வீட்டில் இதைப் பற்றி ஒரு மனக்கலக்கம் நிலவுகிறது. கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் என் மாமியார், இவ்வளவு நாளாகச் சீழ் வடியும் பிள்ளைக்கு மாத்திரை கொடுக்காமல் வெறும் சொட்டு மருந்தோடு அனுப்பிவிட்டார்களே என்று வருந்துகிறார். ஊரில் இருக்கும் உறவினர் ஒருவர், ஜென்டமைசின் சொட்டு மருந்து எளிதாகக் கிடைக்கும், வருபவர்களிடம் கொடுத்து அனுப்புகிறேன் என்கிறார். எனக்கோ, செவிப்பறையில் துளை இருக்கும்போது மருந்தை உள்ளே விடலாமா என்பதே அச்சமாக இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் அடங்கிய குயினலோன் வகை மருந்துகள் சிறுவர்களுக்கு ஏற்றவை அல்ல என்றும் எங்கோ படித்த நினைவு.

கை வைத்திய யோசனைகளை நான் எதிர்பார்க்கவில்லை. சொட்டு மருந்தையும் மாத்திரையையும் முறையாக ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்களா, அந்த ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால், வீட்டில் உள்ளவர்களுக்கு நான் பொறுமையாக எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும். பள்ளியின் நீச்சல் வகுப்புகள் விரைவில் தொடங்கவிருக்கின்றன; அதைப் பற்றியும் சொன்னால் நன்றி.

ஈசூன் மருந்தாளுநர் (பதில்)

வணக்கம் சகோதரி. உங்கள் மகனை நேரில் பார்த்த மருத்துவரின் முடிவுக்கு மேலாக நான் எதையும் சொல்ல முடியாது. ஆயினும் அவர் ஏன் அப்படி முடிவெடுத்தார் என்பதற்குப் பின்னால் இருக்கும் காரணங்களை விளக்க முடியும்.

சொட்டு மருந்து மாத்திரையைவிட வலுக்குறைந்தது என்ற எண்ணம் நம்மவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. காதைப் பொறுத்தவரை உண்மை நேர்மாறானது. சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்து பொதுவாக 0.3 விழுக்காட்டுக் கரைசலாக வருகிறது. அதாவது ஒரு மில்லிலிட்டரில் 3,000 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. அதே மருந்தை மாத்திரையாக விழுங்கினால் இரத்தத்தில் சேரும் செறிவு ஒரு மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவைத் தாண்டுவதில்லை. சீழ் நிறைந்து, சவ்வு தடித்து, இரத்த ஓட்டம் சீராக இல்லாத நடுக்காதுக்குள் அதிலும் ஒரு பகுதிதான் போய்ச் சேரும். ஆக, கிருமி இருக்கும் இடத்தில் பல நூறு மடங்கு கூடுதலான செறிவைச் சொட்டு மருந்தால் உண்டாக்க முடிகிறது. அப்படி இருந்தும் வயிற்றுக்கோ குடலுக்கோ அது ஏறக்குறைய எந்தத் தொல்லையும் தருவதில்லை. செவிப்பறையில் துளை இருப்பது நோயின் விளைவுதான் என்றாலும், மருந்து உள்ளே போவதற்கான வாயிலும் அதுவே. துளை இல்லாத காதில் சொட்டு மருந்து வெளிக்காதிலேயே நின்றுவிடும் என்பதால், அங்கே நடுக்காது அழற்சிக்கு அதனால் பயனில்லை.

அடுத்ததாக, எந்தக் கிருமி என்பதையும் பார்க்க வேண்டும். நீண்ட நாள் வடியும் காதில் அடிக்கடி காணப்படுபவை சூடோமோனாஸ் எருஜினோசாவும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸும் ஆகும். சிறுவர்களுக்கு நாம் வழக்கமாகக் கொடுக்கும் அமாக்சிசிலின், அமாக்சிசிலின்-கிளாவுலனேட் ஆகிய மருந்துகள் சூடோமோனாஸ் கிருமியிடம் செல்லாது. ஆகவே மாத்திரை கொடுத்திருந்தாலும், தவறான கிருமியைக் குறிவைத்து ஒரு வாரத்தைக் கழித்திருக்க நேர்ந்திருக்கும்.

நேரடி ஒப்பீட்டு ஆய்வு இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. நெதர்லாந்தில் நடந்து, 2014ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வை நான் முதலில் குறிப்பிடுவேன். நடுக்காதுக்குக் காற்று போவதற்காகச் செவிப்பறையில் சிறு காற்றுக்குழாய் பொருத்தப்பட்டு, அதன் வழியாகச் சீழ் வடியத் தொடங்கிய 1 முதல் 10 வயது வரையிலான 230 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆன்டிபயாடிக்கும் ஸ்டிராய்டும் கலந்த சொட்டு மருந்து, இன்னொரு குழுவுக்கு உட்கொள்ளும் அமாக்சிசிலின்-கிளாவுலனேட், மூன்றாவது குழுவுக்கு மருந்தின்றிக் கண்காணிப்பு. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, சொட்டு மருந்து பெற்றவர்களில் 5 விழுக்காட்டினருக்கு மட்டுமே சீழ் வடிந்துகொண்டிருந்தது. உட்கொள்ளும் மருந்து பெற்றவர்களில் அது 44 விழுக்காடு. எதுவும் கொடுக்கப்படாதவர்களில் 55 விழுக்காடு. உட்கொள்ளும் மருந்துக்கும் சும்மா காத்திருப்பதற்கும் இடையே இருந்த வேறுபாடு எவ்வளவு சிறியது என்பதை உங்கள் மாமியாரிடம் நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவர் சிகிச்சையைக் குறைத்துவிடவில்லை என்பது அவருக்குப் புரியும்.

இனி ஜென்டமைசின். இந்த ஒரு விஷயத்தில் நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்: தயவுசெய்து அதை ஊரிலிருந்து வரவழைக்காதீர்கள். ஜென்டமைசின், நியோமைசின், ஃப்ராமைசெட்டின் ஆகியவை அமினோகிளைகோசைடு என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. நடுக்காதுக்கும் உள்காதுக்கும் இடையே வட்டச் சாளரம் என்ற மெல்லிய சவ்வு இருக்கிறது. இந்த மருந்துகள் அதைக் கடந்து ஒலியையும் சமநிலையையும் உணரும் உள்காதின் மயிரணுக்களைச் சேதப்படுத்தக் கூடியவை. இது வெறும் ஊகம் அன்று. மெனியர் நோயால் கடும் தலைச்சுற்றலுக்கு ஆளானவர்களுக்கு, அந்தப் பக்கத்துச் சமநிலை உறுப்பை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்வதற்காக, ஜென்டமைசினை நடுக்காதுக்குள் ஊசி வழியாகச் செலுத்தும் சிகிச்சையே நடைமுறையில் இருக்கிறது. சீழ் வடியும் காதில் சில நாள் மட்டும் பயன்படுத்துவோரில் பெரும்பாலோருக்குக் கேடு நேர்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் மைட்டோகாண்டிரியாவில் ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு இவ்வகை மருந்தால் செவித்திறன் நிரந்தரமாகப் போய்விடக் கூடும். அந்த மாற்றம் நம் பிள்ளைக்கு இருக்கிறதா என்பது நமக்குத் தெரியாது. ஆபத்தற்ற மாற்று மருந்து கையில் இருக்கும்போது அந்தப் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை.

குயினலோனைப் பற்றிய உங்கள் அச்சத்துக்கு வேறு வரலாறு உண்டு. வளரும் விலங்குக் குட்டிகளுக்கு அதை வாய்வழியாகக் கொடுத்தபோது மூட்டுக் குருத்தெலும்பில் சேதம் காணப்பட்டது. அதனால்தான் குயினலோன் மாத்திரைகளைச் சிறுவர்களுக்கு எழுதும்போது மருத்துவர்கள் தயங்குகிறார்கள். காதில் விடும் சில சொட்டுகளிலிருந்து இரத்தத்தில் கலக்கும் அளவு மிக மிகச் சொற்பம் என்பதால் அந்த எச்சரிக்கை இங்கே பொருந்தாது. அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டின் இறுதியிலேயே, துளை விழுந்த செவிப்பறையிலும் பயன்படுத்தலாம் என்று அதே குயினலோன் வகையைச் சேர்ந்த ஆஃப்ளாக்சசின் சொட்டு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. உள்காதைக் கெடுக்காத தன்மைதான் அதற்கு முக்கியமான காரணம்.

கிளமெண்டி ஆய்வாளர் (பதில்)

மருந்தாளுநர் ஐயா தெளிவாக எழுதியிருக்கிறார். ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம் என்று சகோதரி குறிப்பாகக் கேட்டிருப்பதால், அந்தப் பகுதியை மட்டும் விரிவாக்க விரும்புகிறேன். மருத்துவச் சோதனைகளின் தரத்தை மதிப்பிடுவது என் தொழில். நான் மருத்துவர் அல்லன்.

நெதர்லாந்து ஆய்வு மிகச் சிறப்பானது. ஆனால் அது காற்றுக்குழாய் பொருத்தப்பட்ட குழந்தைகளுக்குத் திடீரெனத் தொடங்கிய சீழ் வடிதலைப் பற்றியது. உங்கள் மகனுக்கு வாரக்கணக்கில் விட்டு விட்டு வடிவதாகத் தெரிகிறது. அது நாள்பட்ட சீழ்வடி நடுக்காது அழற்சி என்ற வேறு வகைக்குள் வரக்கூடும். உலகச் சுகாதார அமைப்பு இரண்டு வாரத்துக்கு மேல் வடிந்தாலே நாள்பட்டது என்று கொள்கிறது. பல காது நிபுணர்கள் ஆறு வாரம் வரை காத்திருந்த பிறகே அப்படி அழைப்பார்கள். அந்த வகை நோய்க்கான ஆய்வுகள் வேறு நாடுகளில், வேறு சூழல்களில் நடந்தவை.

அவற்றில் நான் மிகவும் மதிப்பது கென்யாவில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2005ஆம் ஆண்டில் வெளியான சோதனை. 427 பிள்ளைகள் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினருக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்து. மறுபாதியினருக்கு ஆல்கஹாலில் கரைத்த போரிக் ஆசிட் சொட்டு. இரண்டு வாரத்தில் முதல் குழுவில் 59 விழுக்காட்டினருக்கும் இரண்டாவது குழுவில் 32 விழுக்காட்டினருக்கும் காது உலர்ந்தது. இந்த வேறுபாடு தற்செயலாக வந்திருக்க முடியாத அளவுக்குப் பெரியது. இதில் நான் கவனிக்கச் சொல்வது இன்னொரு செய்தி: நல்ல மருந்து கிடைத்த குழுவிலும் ஐந்தில் இருவருக்கு இரண்டு வாரத்தில் காது உலரவில்லை. ஆகவே முதல் சுற்றில் சீழ் நிற்காவிட்டால், சிகிச்சை தவறு என்ற முடிவுக்கு உடனே வந்துவிடக் கூடாது.

அதற்கு முன்பே, 1996ஆம் ஆண்டில் லான்செட் இதழில் வெளியான மற்றொரு கென்ய ஆய்வு 524 பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவுக்குச் சிகிச்சையே இல்லை. ஒரு குழுவுக்குப் பஞ்சுத் திரியால் காதை உலர்த்துவது மட்டும். மூன்றாவது குழுவுக்கு உலர்த்துவதோடு சொட்டு மருந்தும் உட்கொள்ளும் ஆன்டிபயாடிக்கும். பதினாறு வாரம் கழித்து மூன்றாவது குழுவில் 51 விழுக்காட்டினருக்குச் சீழ் நின்றிருந்தது. உலர்த்துவது மட்டும் நடந்த குழுவில் 22 விழுக்காடு, எதுவும் செய்யாத குழுவிலும் அதே 22 விழுக்காடு. துடைத்து உலர்த்துவது மட்டும் போதாது என்பதை இந்த ஆய்வு காட்டிவிட்டது. ஆனால் மூன்றாவது குழுவுக்கு எல்லாம் சேர்த்துக் கொடுக்கப்பட்டதால், பலன் சொட்டு மருந்தால் வந்ததா, உட்கொண்ட மருந்தால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. யாராவது இந்த ஆய்வைக் காட்டி மாத்திரையும் அவசியம் என்று வாதிட்டால், அந்த வாதம் நிற்காது.

ஆஸ்திரேலியப் பழங்குடிச் சமூகங்களில் நடந்த ஆய்வுகளையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அங்கே பிள்ளைகளுக்கு இந்த நோய் மிகவும் அதிகம். 2003இல் வெளியான ஆய்வில், 111 பிள்ளைகளிடம் சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டையும் ஃப்ராமைசெட்டின் கலந்த சொட்டையும் ஒப்பிட்டார்கள். முதல் மருந்தால் 76 விழுக்காட்டினரும் இரண்டாவதால் 52 விழுக்காட்டினரும் குணமடைந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து வட ஆட்சிப்பகுதியில் நடந்த இன்னொரு ஆய்வில் அதே இரு மருந்துகளுக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. இரு குழுக்களிலும் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சீழ் நிற்கவும் இல்லை. முதல் ஆய்வில் சமூகச் சுகாதாரப் பணியாளர்கள் நீர்த்த பொவிடோன்-அயோடின் என்ற கிருமிநாசினி கொண்டு காதைக் கழுவிய பிறகே மருந்து விட்டார்கள் என்பது கவனிக்கத்தக்கது. வீட்டு நெருக்கடி, தொடர் தொற்று, மருந்து முறையாக விடப்பட்டதா என்பது போன்றவை முடிவை எவ்வளவு மாற்றிவிடும் என்பதை இந்த இரண்டு ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது உணரலாம்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020ஆம் ஆண்டில் இந்தத் துறையின் சோதனைகளையெல்லாம் திரட்டி, தொடர்ச்சியான பல மதிப்பாய்வுகளை வெளியிட்டது. காதில் விடும் ஆன்டிபயாடிக் பற்றிய மதிப்பாய்வில் மட்டும் 17 ஆய்வுகளும் 2,198 பங்கேற்பாளர்களும் இடம்பெற்றார்கள். படித்துப் பார்த்தால் சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். போலி மருந்தோடு நேரடியாக ஒப்பிட்டது மிகச் சிறிய ஆய்வு. அதன் முடிவு ஆன்டிபயாடிக்குக்கு மிகவும் சாதகமாக இருந்தாலும், பங்கேற்றவர்கள் குறைவு என்பதால் சான்றின் உறுதி மிகத் தாழ்ந்தது என்றே மதிப்பாய்வாளர்கள் எழுதினார்கள். பல ஆய்வுகளில் செவித்திறனை அளவிடவே இல்லை. பெற்றோருக்கு உண்மையில் முக்கியமானது சீழ் நிற்பதோடு பிள்ளைக்குக் காது கேட்பதும்தானே? அதை ஆய்வாளர்கள் தொடர்ந்து புறக்கணித்து வந்திருப்பது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது.

சான்று தாழ்ந்தது என்றால் மருந்து வேலை செய்யாது என்று பொருள் கொள்ள வேண்டாம். கிடைத்துள்ள சான்றுகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன. எவ்வளவு பலன் என்பதைத் துல்லியமாகச் சொல்லப் போதுமான அளவுக்கு அவை பெரியவையாக இல்லை. என்னிடம் கேட்டால், சொட்டு மருந்தை முதலில் முறையாக முயன்று பார்க்காமல் உட்கொள்ளும் மருந்துக்குப் போவதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

பிடோக் தந்தை (பதில்)

வணக்கம் அம்மா. எங்கள் மகளுக்குக் காற்றுக்குழாய் வைத்திருந்தபோது இதே சிக்கல் வந்தது. ஆய்வுகளைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டதால், மருந்து உண்மையில் நடுக்காது வரை போவதற்கு மருத்துவமனைத் தாதியர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததை மட்டும் பகிர்கிறேன்.

புட்டியை உள்ளங்கையில் சிறிது நேரம் வைத்திருந்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே மருந்தை விட வேண்டும். குளிர்ந்த மருந்து உள்ளே பட்டால் உள்காதுத் திரவம் அசைந்து பிள்ளைக்குத் தலைசுற்றும். அதன் பிறகு மருந்து என்றாலே அழத் தொடங்கிவிடுவார்கள். வெளியே வழிந்திருக்கும் சீழைச் சுத்தமான மெல்லிய காகிதத்தைத் திரித்து ஒற்றி எடுத்துவிட்டு, பாதிக்கப்பட்ட காது மேலே இருக்கும்படி பிள்ளையைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். சொட்டுகளை விட்ட பின், காதுத் துளைக்கு முன்னால் மேடாக இருக்கும் சிறு குருத்தெலும்பைச் சில முறை மெதுவாக உள்நோக்கி அழுத்தி அழுத்தி விடுங்கள். அந்த அழுத்தம்தான் மருந்தைத் துளை வழியாக உள்ளே தள்ளுகிறது. பிறகு சில நிமிடங்கள் எழாமல் படுத்திருக்க வேண்டும். மருந்து விட்டதும் தொண்டையில் கசக்கிறது என்று எங்கள் மகள் முகம் சுளிப்பாள். நடுக்காதிலிருந்து தொண்டைக்குச் செல்லும் குழாய் வழியாக மருந்து இறங்குவதுதான் அது என்றும், மருந்து சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அது நல்ல அறிகுறி என்றும் தாதியர் சொன்னார்கள்.

பஞ்சு சுற்றிய குச்சியை உள்ளே விடவே விடாதீர்கள். காய்ச்சிய எண்ணெயும் வேண்டாம். பெரியவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள் என்றாலும், துளை உள்ள காதில் எண்ணெய் நேரே நடுக்காதுக்குள் போய்விடும்.

செங்காங் அன்னை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நெதர்லாந்து ஆய்வின் எண்களை மாமியாரிடம் சொன்னேன். மாத்திரை பெற்ற பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சீழ் நிற்கவில்லை என்பதைக் கேட்டு வியந்தார். உறவினரிடமும் மருந்து அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

இதற்கிடையே சோதனை முடிவு வந்துவிட்டது. சூடோமோனாஸ் கிருமி இருப்பதாகவும், சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அது எதிர்ப்புத்திறன் கொண்டதாகவும் குறிப்பிடப்பட்டிருக்கிறது. மருத்துவரோ, சீழ் குறைந்து வருவதால் அதே சொட்டு மருந்தைத் தொடரச் சொல்கிறார். அது எனக்குப் புரியவில்லை. எத்தனை நாள் வரை பொறுத்திருக்கலாம், எந்த நிலையில் கவலைப்பட வேண்டும் என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஈசூன் மருந்தாளுநர்

இந்தக் கேள்வியைக் கேட்டது நல்லதாயிற்று, சகோதரி. அறிக்கையில் அப்படி ஒரு சொல்லைப் பார்த்ததும் பல பெற்றோர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்.

ஆய்வகங்கள் ஒரு கிருமியை எதிர்ப்புத்திறன் கொண்டது என்று வகைப்படுத்துவது, மருந்தை உட்கொண்டோ ஊசி மூலமோ பெறும்போது இரத்தத்தில் கிடைக்கும் செறிவை அடிப்படையாகக் கொண்டுதான். அந்த எல்லை மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம் என்ற அளவில் இருக்கிறது. நீங்கள் காதில் விடுவதோ 3,000 மைக்ரோகிராம். இரத்தத்தில் கிடைக்கும் செறிவுக்கு அஞ்சாத கிருமியும் இந்த அளவைத் தாங்குவது அரிது. ஆகவே காது உலர்ந்து வருகிறதா என்பதே இங்கே சரியான அளவுகோல். அறிக்கையைவிடக் காதைப் பார்த்து முடிவெடுக்கும் உங்கள் மருத்துவரின் அணுகுமுறை சரியானது. சீழ் குறையவே இல்லை என்றால்தான் அந்த அறிக்கைக்கு வேறு முக்கியத்துவம் வரும்.

உயர்ந்த செறிவும் வேலை செய்யாமல் போவதற்கு வழக்கமான காரணம் மருந்து கிருமியைத் தொடாமல் இருப்பதுதான். நாள்பட்ட காதில் கிருமிகள் உயிர்ப்படலம் என்னும் வழுவழுப்பான பூச்சுக்குள் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. மேலே சீழும் தேங்கியிருந்தால் மருந்து அதன் மேலேயே மிதந்துவிட்டு வெளியே வழிந்துவிடும். மருத்துவர் உறிஞ்சுகுழாயால் சுத்தம் செய்ததைச் சிகிச்சையின் பாதியாகவே கருதுங்கள். மறுபடியும் சுத்தம் செய்ய வரச் சொன்னால் அந்த முன்பதிவைத் தவறவிடாதீர்கள். பள்ளித் தேர்வு, வேலை என்று அதைத் தள்ளிப்போடும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும்.

மருந்தை எத்தனை நாள் விடுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பொதுவாக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை எழுதுவார்கள். சீழ் நின்ற பிறகும் மீதமிருக்கும் புட்டியை வைத்துக்கொண்டு அவ்வப்போது சொந்தமாக விடும் பழக்கம் வேண்டாம். பாக்டீரியாக்கள் அழிந்த ஈரமான காதில் ஆஸ்பர்ஜில்லஸ், கேண்டிடா போன்ற பூஞ்சைகள் குடியேறும். நம்முடைய புழுக்கமான தட்பவெப்பத்தில் அதற்கு அதிக நாள் ஆகாது. அரிப்பு மிகுந்து, வெண்மையாகவோ கறுப்புப் புள்ளிகளோடோ கசிவு வந்தால் அதை நினையுங்கள். அதற்கு ஆன்டிபயாடிக் அல்ல, பூஞ்சைக்கான மருந்தே தேவை.

மருத்துவர் அடுத்த முறை ஸ்டிராய்டு கலந்த சொட்டு மருந்துக்கு மாற்றினாலும் பதற வேண்டாம். சவ்வு வீங்கியோ, சதை வளர்ந்தோ இருந்தால் அது வீக்கத்தைக் குறைத்து மருந்துக்கு வழிவிடுகிறது. காற்றுக்குழாய் வழியாகச் சீழ் வடிந்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், சிப்ரோஃப்ளாக்சசினோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டிராய்டு சேர்ந்தபோது ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாகவே சீழ் நின்றது. அதேநேரம், குயினலோன் சொட்டுகளுக்குக் குறையே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் காற்றுக்குழாய் பொருத்தப்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நியோமைசின் கலந்த சொட்டைப் பெற்றவர்களைவிடக் குயினலோன் சொட்டு பெற்றவர்களிடம் செவிப்பறைத் துளை நீடிப்பது 1.6 மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது. பதிவேடுகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு என்பதால், மருந்துதான் காரணம் என்று அதைக் கொண்டு அறுதியிட முடியாது; நோய் கடுமையாக இருந்தவர்களுக்கே அந்த மருந்து எழுதப்பட்டிருக்கலாம். ஆனாலும் தேவையான நாள்களுக்கு மேல் விடக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டு வாரம் முறையாக மருந்து விட்டும், சுத்தம் செய்தும் சீழ் நிற்கவில்லை என்றால் மருத்துவர் வேறு காரணத்தைத் தேடுவார். கெட்ட நாற்றம் விடாமல் வீசினால், செவிப்பறையின் மேற்பகுதியில் தோல் உள்வளர்ந்து எலும்பை அரிக்கும் கொலஸ்டியாட்டோமா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதற்குச் சொட்டு மருந்தோ மாத்திரையோ தீர்வாகாது, அறுவைச் சிகிச்சைதான். வலியே இல்லாமல் மாதக்கணக்கில் வடியும் காதில் அரிதாகக் காசநோயும் இருக்கலாம். காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து மடல் முன்னால் தள்ளப்பட்டாலோ, முகம் ஒருபக்கம் கோணினாலோ, கடும் தலைவலி, வாந்தி, தலைச்சுற்றல், உயர்ந்த காய்ச்சல் வந்தாலோ, அடுத்த முன்பதிவு வரை காத்திராமல் உடனே சிறார் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த நிலையில் சொட்டு மருந்து மட்டும் போதாது. இரத்த நாளம் வழியாக ஆன்டிபயாடிக் செலுத்த வேண்டியிருக்கும்.

ஜூரோங் தாதி (பதில்)

நீச்சலைப் பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது என்று நினைக்கிறேன். சீழ் வடியும் வரையிலும், துளை மூடாத வரையிலும் காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு உருண்டையைக் காதின் வாயில் மட்டும் வைத்து, குளித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள்; நாள் முழுவதும் அடைத்து வைத்தால் உள்ளே ஈரம் தேங்கும். பள்ளி நீச்சல் வகுப்புக்கு மருத்துவரிடம் விலக்குக் கடிதம் கேட்டால் கொடுப்பார். காது உலர்ந்து, செவித்திறன் சோதனையும் முடிந்த பிறகு எப்போது நீரில் இறங்கலாம் என்பதை அவரே சொல்வார். அதுவரை வகுப்பில் நன்றாகக் கேட்கும் காது ஆசிரியர் பக்கம் இருக்கும்படி, முன்வரிசையில் இடம் தரச் சொல்லி வகுப்பாசிரியரிடம் பேசுங்கள்.

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்காக இன்னொன்று. நம் வீடுகளில் நீரிழிவு நோயுள்ள முதியவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காதில் கசிவும், இரவில் தூங்கவிடாத கடும் வலியும் சேர்ந்து வந்தால், இங்கே பேசப்பட்ட சொட்டு மருந்து ஆய்வுகளை அவர்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். சூடோமோனாஸ் கிருமி வெளிக்காதிலிருந்து மண்டையோட்டின் அடி எலும்பு வரை பரவும் நோய் அவர்களுக்கு வரக்கூடும். அதற்குப் பல வாரம் உடல் முழுவதற்குமான ஆன்டிபயாடிக் சிகிச்சை தேவைப்படும். வலி தொடங்கிய அன்றே மருத்துவரிடம் அழைத்துச் சென்று, நீரிழிவு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.